நாலு பெரிய டயர், ரிம்மோட

வாங்க தம்பி. போன்ல பேசுனது நீங்கதான? வண்டிய அப்பிடியே ஓரமா விட்டுட்டு வாங்க, செக்போஸ்ட்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நமக்குத் தெரிஞ்சவருதான். இந்தா நிக்குது பாருங்க என் ஜீப்பு. நாலு டயரு, நாலு ரிம்மு. போட்டோவுல பாத்ததுக்கும் நேர்ல பாக்குறதுக்கும் வித்தியாசம் தெரியுதுல்ல? குனிஞ்சு நல்லாப் பாருங்க. டயரு மேல மேடு மேடா இருக்கே, அந்தப் பட்டன் எப்பிடி நிக்குதுன்னு தடவிப் பாருங்க. எங்கையில ரெண்டாயிரம் கிலோமீட்டருகூட ஓடல. நான் பொய் சொல்ற ஆளு இல்ல. மேல ஈத்தம்பாறையில போயி யார வேணாலும் கேளுங்க, சுருளிவேலு எப்பிடின்னு. கேட்டா என்ன சொல்லுவாய்ங்கன்னு தெரியல, பத்து மாசமா எவனும் நம்மளப் பத்திப் பேசுறதில்ல. ஆனா பொய்யன்னு சொல்ல மாட்டாய்ங்க.

ஏன் விக்கிறேன்னு கேக்குறீங்க. எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்குறாய்ங்க. உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாய்ங்க. கதையக் கேட்டுட்டு வாங்காமப் போயிட்டாய்ங்க. டயருக்கும் கதைக்கும் என்னா சம்பந்தம்? டயரு டயருதான. இருந்தாலும் கேட்டுட்டீங்க. சொல்லிப்புடுறேன். எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பெரேக் இன்ஸ்பெக்டரு. அந்தாளு மட்டும் என்னைய அன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும் நிறுத்தி வைக்காம இருந்திருந்தா இந்த டயர நான் எதுக்கு விக்கிறேன்?

மொதல்ல உங்க வண்டிக்கு இது தோதுப்படுமான்னு பாத்துருவோம். உங்களுதும் பழைய ஜீப்புதான். பதினாறு ரிம்மு, ஒல்லி டயரு. என்னுதும் அப்பிடித்தான் இருந்துச்சு. இது பதினஞ்சு ரிம்மு, டயரு ஒயரம் முப்பத்தொண்ணு இஞ்சு. ரிம்மு சின்னது, டயரு பெருசு, கொழம்பிக்கிறாதீங்க. மலைக்கு அதான் நல்லது. காத்தக் கொஞ்சம் எறக்கிவிட்டா கல்லக் கவ்விப் பிடிக்கும். ஆனா இத மாட்டணும்னா ஸ்பிரிங்குல ரெண்டு பட்டா கூடப் போட்டு வண்டியத் தூக்கணும், இல்லன்னா மட்கார்டுல இடிக்கும். தூக்குனாலும் முழுசா ஒடிச்சுத் திருப்புனா உள்பக்கம் உரசத்தான் செய்யும். கொண்டையூசி வளைவுல ஒரே மூச்சுல திரும்பாது, ரெண்டு தடவ ரிவர்ஸ் போடணும். பெரேக்கு முன்ன மாதிரி நிக்காது. மொத கியர்ல வண்டி மொனங்கும். இதெல்லாம் சொல்லாம விக்கிறவன் இருக்கான். நான் சொல்லித்தான் விப்பேன்.

எங்க ஊரு இங்கருந்து பதினோரு கிலோமீட்டரு மேல. அம்பது வீடு. காப்பியும் மிளகும்தான் பொழப்பு. பன்னண்டு வருசம் முந்தி கல்லுப் பாதை வெட்டுனப்ப ஊருக்கு ரெண்டு ஜீப்பு வந்துச்சு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு எம் மாப்ள மச்சக்காளையோடது. என் தங்கச்சி பஞ்சவர்ணத்தக் கட்டுனவன். எனக்குக் கலியாணம் காச்சி ஒண்ணும் அமையல. அப்பன் ஆத்தா போயாச்சு. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். அவ வீட்டுக்கு ஒட்டுன வீடு என் வீடு. காலைல காப்பி, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு, எல்லாம் அவ கையாலதான். சாப்புட்ட தட்டக் கழுவி வைக்கிறது மட்டும்தான் என் வேலை. அதுலயும் பாதி நாளு டிமிக்கி குடுத்துருவேன். அவளும் திட்டிக்கிட்டே கழுவி வைப்பா. இருவது வருசம் அப்பிடிப் போச்சு தம்பி.

இப்ப செக்போஸ்ட்டுக்கு எதுக்க இருக்கிற இந்தக் கடைக்குப் பின்னால ஒரு ரூமு. ஒரு ஸ்டவ்வு, ஒரு சட்டி. அத விடுங்க.

டயருக்கு வர்றேன். ரெண்டு வருசமா இந்தப் பக்கம் டூரிஸ்ட்டு வர ஆரம்பிச்சுச்சு. மூணு கிலோமீட்டர் மேல போனா ஒரு முக்கு வரும், அதுல எடதுபக்கம் பிரிஞ்சா வியூ பாயிண்ட்டு. அணைக்கட்டு முழுசாத் தெரியும். நம்ம வண்டியில ஏற எவனும் வர மாட்டான். மேக்க இருந்து நாலஞ்சு ஜீப்பு வரும், பெரிய பெரிய டயரு, மேல லைட்டு, கம்பி. சனம் அதுலதான் போயி ஏறும். ஒரு பொண்ணு என் ஜீப்பப் பாத்துட்டு, 'இது காய்கறி ஏத்துற வண்டியாண்ணா?'ன்னு கேட்டுச்சு. பத்து நாளு தூங்கல நானு. உள்ளதச் சொல்றேன், ஊருக்காகத்தான் டயரு மாத்துனேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். மழை நேரத்துல சறுக்காது, கெழவன் கெழவிக்குப் பத்திரம்னு. அதுவும் பொய் இல்ல. ரெண்டும்தான் இருந்துச்சு.

புதுசா வாங்குனா ரிம்மோட எழுவதாயிரத்த நெருங்குது. எங்கிட்ட இருந்தது முப்பது. டவுன்ல டயர்க்கடை வச்சிருக்காரு காதர் பாயி. அவரு நல்லாத்தான் சொன்னாரு. 'ஒன் வண்டிக்கு இருவத்தெட்டு, மிஞ்சிப் போனா இருவத்தொம்போது இஞ்சு போதும்பா. இருக்கிற ரிம்முலயே கொஞ்சம் தடிச்ச டயராப் போடு, உன் காசுக்குள்ள வந்துரும். பட்டாவ நோண்ட வேண்டியதில்ல. எப்.சி.க்கும் வம்பு வராது' அப்பிடின்னாரு. எப்.சி. தெரியும்ல, வண்டியக் கொண்டுபோயி இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டி வாங்குற சர்ட்டிபிகேட்டு. நான் அவரு பேச்சக் கேக்கல. அவரு கடை ஓரத்துலயே இந்த நாலும் சாத்தி வச்சிருந்துச்சு. எஸ்டேட்டுக்காரரு ஒருத்தரு கழட்டிப் போட்டது. நாப்பத்திரெண்டாயிரம். பக்கவாட்டுல இந்தா நாலு நம்பரு இருக்கு பாருங்க, மொத ரெண்டும் வாரம், கடைசி ரெண்டும் வருசம். பழைய டயரு வாங்கப் போனா பட்டனப் பாக்காதீங்க, இதப் பாருங்க. அஞ்சு வருசம் தாண்டுனா ரப்பரு கட்டையாப் போயிரும். நான் வாங்கும்போது ரெண்டு வருசம்தான் ஆயிருந்துச்சு. ரிம்முல கோணல் இருக்கான்னு சுத்திவிட்டுப் பாத்தேன். போல்ட்டு ஓட்டை அஞ்சும் நமக்குப் பொருந்துதான்னு வச்சுப் பாத்தேன். எல்லாம் பாத்துத்தான் வாங்குனேன் தம்பி. நான் ஒண்ணும் ஏமாந்தவன் இல்ல.

இடிச்ச பன்னண்டாயிரத்துக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. பழசு அஞ்சையும், ஸ்டெப்னியச் சேத்துச் சொல்றேன், பாயிகிட்டயே தள்ளிவிட்டேன். கணக்குச் சரியாப் போச்சு.

பஞ்சவர்ணம் அன்னிக்கே கேட்டா. 'ஏண்ணே அத வித்த? நம்ம கொட்டாய்ல ஓரமாக் கெடந்துட்டுப் போகுது. சோறா கேக்குது?'ன்னா. பொம்பளைக்கு டயரப் பத்தி என்னா தெரியும்னு நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். மச்சக்காளை வெளிய வந்தான். டயரச் சுத்திச் சுத்தி வந்து பாத்தான், கையால ஒரு தட்டுத் தட்டுனான். 'ஒயரமா இருக்கு மச்சான்'னான். அவ்வளவுதான்.

ஒயரம்தான். ஊர்ச் சனத்துக்கு ஏற முடியல. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு வாங்கிப் போட்டேன். அதுல கால் வச்சு, கம்பியப் பிடிச்சு, ஒருத்தன் பின்னால இருந்து தள்ளணும். வயசான சனமெல்லாம் மொள்ள மொள்ள மச்சக்காளை வண்டிக்குப் போயிருச்சு. நம்ம நல்லதுக்குச் செய்யிறத ஊருக்குப் புரியாதுன்னு விட்டுட்டேன். டூரிஸ்ட்டு? அதுவும் ஒடனே வரல. மேக்க இருந்து வந்தவய்ங்க அதுக்குள்ள முப்பத்திமூணு இஞ்சு போட்டுட்டாய்ங்க.

இப்பிடி இருக்கையில மாசி மாசம் எப்.சி. வந்துருச்சு.

இந்த டயரோட போனா வண்டிய உள்ளயே விட மாட்டான். இது நம்ம பக்கம் எல்லா டிரைவருக்கும் தெரிஞ்சதுதான. பெரிய டயரு போட்டவன் எல்லாம் அன்னிக்கு ஒரு நாளைக்குப் பழசக் கழட்டி மாட்டிக்கிட்டுப் போயிக் காட்டிட்டு, சாயந்தரம் திரும்ப இத மாட்டிக்குவான். யாரும் இதத் தப்பா நெனைக்கிறதில்ல. எனக்குத்தான் பழசு இல்லையே. அடிவாரத்துல ரெண்டு பேருகிட்டக் கேட்டேன். ஒருத்தன் டயரு வழுக்கையாக் கெடக்கு. இன்னொருத்தன் வாடகை கேட்டான். வீட்டுல மாப்ளகிட்ட அதே அளவு அஞ்சு இருக்கும்போது எவனுக்கோ எதுக்கு வாடகை?

நான் கேக்கல. பஞ்சவர்ணம்தான் கேட்டா. சோறு போட்டுக்கிட்டே புருசன்கிட்ட, 'அண்ணனுக்கு ஒரு நாளைக்கு குடுங்களேன்'னா. மச்சக்காளை சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தான். 'ஊருக்கு அன்னிக்கு வண்டி இருக்காதே மச்சான்'னான். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்னு சொன்னேன். அவன் எந்திரிச்சுக் கை கழுவிட்டு வந்து ஜாக்கிய எடுத்தான். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் அவன் வண்டிய நாலு பக்கமும் கல்லு அடுக்கி நிறுத்துனோம். என் வண்டிக்கு அவனே நட்டு முறுக்குனான். இந்தப் பெரிய டயர் நாலையும் பின்னால ஏத்துனப்ப மட்டும், 'இது எதுக்கு மச்சான் கீழ? வந்து இங்கயே மாட்டிக்கிருவோமே'ன்னான். காத்துச் செக் பண்ணணும்னு சொன்னேன். காத்துச் செக் பண்ணணும்தான். அது நெசந்தான்.

காலைல ஆறு மணிக்குக் கெளம்பிட்டேன்.

மச்சக்காளை அன்னிக்கு வண்டி இல்லையேன்னு சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாளு ஓய்வாப் படுத்துக் கெடந்தா என்ன? சும்மா இருக்கத் தெரியாதவன். மிளகு பறிக்கப் போயிட்டான். ஒத்த மூங்கில்ல கணுவெட்டி ஏணி செஞ்சு மரத்துல சாத்தி ஏறுறது. அவன் ஏணியேறி வருசக் கணக்காச்சு. ஜீப்பு வந்ததுலருந்து அவனுக்கு ஏது நேரம்? ஒம்போது மணிக்கு ஏணி பெரண்டு விழுந்துட்டான். இருவது அடி. கல்லு மேல. இதுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

ஊர்ல வண்டி இல்ல. ஒண்ணு கல்லுல நிக்குது, ஒண்ணு எங்கிட்ட. கீழ போன் பண்ணுனா ஆம்புலன்ஸு இந்தச் செக்போஸ்ட்டத் தாண்டி வராது. அந்தக் காலத்துல மாதிரி டோலி கட்டியிருக்காய்ங்க. நீள மூங்கில்ல கம்பளியத் தொட்டிலாட்டம் கட்டி, ஆளப் படுக்க வச்சு, தோள் மேல வச்சுத் தூக்கிட்டு வர்றது. முன்னால ரெண்டு தோளு, பின்னால ரெண்டு தோளு. பன்னண்டு வருசமா எடுக்காத கம்பு. மிளகுப் பறிப்பு நேரம், ஆம்பளைங்க எல்லாம் எஸ்டேட்டுக்குப் போயாச்சு. ஊருக்குள்ள இருந்தது ஆறே பேரு. ஆறு பேரு பதினோரு கிலோமீட்டரு தோள் மாத்தி மாத்தித் தூக்கியாந்திருக்காய்ங்க. பஞ்சவர்ணம் கூடவே நடந்து வந்திருக்கா, அவன் தலைக்கு நெழல் பிடிச்சுக்கிட்டு.

நான் அங்க இன்ஸ்பெக்டர்கிட்ட மாட்டிக்கிட்டேன். லைட்டப் போடுன்னான், ஹாரன அடின்னான், ஏன் வண்டி தூக்கலா இருக்குன்னான். பட்டாவப் பாத்துட்டான். கெஞ்சிக் கூத்தாடிப் பதினொண்ணரைக்குத்தான் சீல் குத்துனான்.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? சாயந்தரம்னா சொன்னேன்? அது ஒரு பேச்சுக்குச் சொன்னது தம்பி. அந்தாளு காலைலயே பாத்து விட்டிருந்தா பத்தரைக்கெல்லாம் திரும்பியிருப்பேன்ல, அதச் சொன்னேன். பதினொண்ணரைக்கு வெளிய வந்தவன் நேரா ஊருக்குத்தான் வரணும்னு நெனச்சேன். காதர் பாயி கடை வழியிலதான இருக்கு. காத்துச் செக் பண்ணணும். பண்ணுறதுதான் பண்ணுறோம், அப்பிடியே பெருச மாட்டிட்டா வேலை முடிஞ்சிரும்ல. மேல போயி மறுபடியும் ஜாக்கி வைக்கணும், எதுக்கு ரெட்டை வேலை? மாப்ளயோட டயரு அஞ்சையும் பின்னால பத்திரமா அடுக்கிட்டேன். ஒரு மணி ஆயிருச்சு. ஒரு புரோட்டா சாப்புட்டேன். அதுவும் தப்பா?

போனா? போன் இருந்துச்சு. சார்ஜ் இல்ல. காலைலயே தீந்துபோச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வர்றேன், நாலு பேரு கை காட்டி நிறுத்துறாய்ங்க. ரெண்டு ஆம்பள, ரெண்டு பொண்ணுங்க, நல்ல படிச்ச சனம். எத்தனையோ ஜீப்பு நிக்குது. என் வண்டியத்தான் காட்டுறாய்ங்க. 'இந்த வண்டி, இந்த வண்டி'ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பன்னண்டு வருசத்துல என் வண்டிய அப்பிடிக் கை நீட்டி எவனும் கேட்டதில்ல தம்பி. உங்களுக்கு அது புரியுமோ புரியாதோ. வியூ பாயிண்ட்டு போயிட்டுத் திரும்ப ரெண்டு மணி நேரம். ஊருக்குப் போற பாதைலதான் அதுவும் பிரியுது. ஏத்திக்கிட்டேன். மாப்ள டயரையெல்லாம் ஓரமாத் தள்ளி ஒக்கார வச்சேன்.

அந்த முக்குலதான் எதுக்க டோலி வந்துச்சு.

நான் மொதல்ல யாரோன்னு நெனச்சேன். கம்பளி, கம்பு. அப்பறம் பஞ்சவர்ணத்தப் பாத்தேன். காலுல செருப்பு இல்ல. பிரேக்க அமுக்குனேன், வண்டி நிக்காமக் கொஞ்சம் தள்ளிப் போயி நின்னுச்சு. எறங்கி ஓடுனேன். மச்சக்காளை கண்ணத் தொறந்து பாத்தான். 'மச்சான், காலு தெரியல'ன்னான்.

வண்டியில ஏத்துவோம்னு நான்தான் சொன்னேன். டூரிஸ்ட்டு நாலு பேரும் எறங்கி நின்னுக்கிட்டாய்ங்க, நல்ல பிள்ளைங்கதான். டயர எறக்கிட்டு எடம் பண்ணுனோம். கம்பளியோட சேத்து ஆறு பேரு தூக்குனாய்ங்க. பின்கதவு அவய்ங்க நெஞ்சுக்கு மேல நிக்குது. தலைப்பக்கம் ஏறிருச்சு, இடுப்புப் பக்கம் ஏறல. எவனோ ஒருத்தனுக்குக் கை நழுவிருச்சு. கம்பளி மடங்கிருச்சு. அவன் கத்துனான் பாருங்க, அந்தச் சத்தம். சரி, வேணாம்னு திரும்ப எறக்கி டோலியிலயே போட்டாய்ங்க. இன்னும் மூணு கிலோமீட்டருதான. ஆம்புலன்ஸு கீழ வந்து நிக்குதுன்னு அதுக்குள்ள தகவல் தெரிஞ்சிருச்சு.

அப்ப ஒருத்தன் ஒக்காந்துட்டான். தோளு ரெண்டும் ரத்தமாக் கன்னிப்போச்சு அவனுக்கு. பஞ்சவர்ணம் என்கிட்ட வந்தா. அழுகல. சாதாரணமாத்தான் கேட்டா.

'அண்ணே, ஒரு தோளு குடு.'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வண்டிய யாரு பாக்குறது?'ன்னேன்.

வண்டி நடுப் பாதையில நிக்குது தம்பி. எடம் கெடையாது. அத ஒதுக்குனாத்தான டோலியே போகும். அதத்தான் சொன்னேன். அவ வேற மாதிரி எடுத்துக்கிட்டா. திரும்பிப் போயி, சேலைய இடுப்புல சொருகிட்டு, அவளே கம்புக்கு அடியில தோளக் குடுத்தா. நான் ஏறி வண்டிய எடுத்தேன். பின்னால எடுக்க முடியாது, பள்ளம். முன்னால எடுத்து எடதுபக்கப் பாதையில ஏத்தித்தான் வழி விட முடியும். அப்பிடித்தான் விட்டேன். அவய்ங்க எறங்கிப் போனாய்ங்க.

எடதுபக்கம் ஏறுனா வியூ பாயிண்ட்டுதான். வண்டி ஏற்கனவே அந்தப் பாதையில நிக்குது. அந்தப் பிள்ளைங்க, 'நீங்க போங்கண்ணா, நாங்க நடந்து போயிக்கிறோம்'னுதான் சொல்லுச்சுங்க. நான்தான், பாதி ரூவா வாங்கிட்டேன், வாக்குக் குடுத்துட்டேன், ஏறுங்கன்னேன். கீழ ஆம்புலன்ஸு இருக்கு, ஆளு இருக்கு. நான் போயி என்ன புடுங்கப் போறேன்? முக்கால் மணி நேரம் அங்க நின்னோம். என்னையும் வண்டியையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துச்சுங்க. நல்லா விழுந்திருந்துச்சு. நீங்க ஆன்லைன்ல பாத்தீங்களே, அந்தப் போட்டோதான்.

உசுரு இருக்கு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நாலு மாசம் பெரிய ஆஸ்பத்திரியில போட்டு வச்சிருந்தாய்ங்க. வர்ற வழியில எங்கயோ ரொம்ப மோசமா அசைச்சிருக்கீங்கன்னு டாக்டரு சொன்னாராம். பதினோரு கிலோமீட்டரு கம்புல ஆடிக்கிட்டு வந்தா அசையாதா? அத யாரும் யோசிக்க மாட்டேங்கறாய்ங்க.

அன்னிக்கே நான் மேல போயி, ஒத்த ஆளா அவன் வண்டிக்கு அஞ்சு டயரையும் மாட்டிக் கல்ல எடுத்துட்டேன். சொன்ன சொல்லு தவறல. இப்ப வேற ஒருத்தன் அத ஓட்டுறான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒரு தடவை இல்ல, ஒம்போது தடவை. பஞ்சவர்ணம் திட்டல. திட்டியிருந்தா ஒக்காந்து கேட்டிருப்பேன். நான் வாங்கிட்டுப் போன ஆரஞ்சுப் பழத்தப் பக்கத்துக் கட்டிலுக்குக் குடுத்துட்டா. மச்சக்காளை மட்டும், 'எப்.சி. ஆயிருச்சா மச்சான்?'னு கேட்டான். நெசமாத்தான் கேட்டான். அவனுக்குக் குத்திப் பேசத் தெரியாது.

ஊருக்குக் கொண்டாந்ததும், மாசத்துக்கு ஒருக்கா கீழ கொண்டுபோயிக் காட்டணும்னு ஆச்சு. குலுங்கவே கூடாதாம், ஜீப்பு ஆகாது. அப்ப ஊர் கூடி அந்தக் காலத்து முறைய மறுபடியும் கொண்டாந்தாய்ங்க. வீட்டுக்கு ஒரு தோளு. மாசாமாசம் பன்னண்டு வீடு. முறை வந்து ஆளு வரலன்னா நூறு ரூவா அபராதம், கோயிலுக்கு. அதான் முறை. கோயில் முன்னால நின்னு நாட்டாமை வீடு வீடாப் பேரு சொன்னாரு. கெழக்கத் தெருவுல ஆரம்பிச்சு வரிசையா வந்தாரு. பஞ்சவர்ணம் வீட்டுக்கு இந்தப் பக்கத்து வீட்டச் சொன்னாரு. அப்பறம் என் வீட்டத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டச் சொன்னாரு. மறந்துட்டாரு போலன்னு கைய ஒசத்துனேன். ஒருத்தரும் பாக்கல. அறுவத்தெட்டு வயசுக்காரன் பேரச் சொன்னாய்ங்க, பட்டாளத்துல இருக்கிறவனுக்குப் பதிலா அவன் மச்சினன் பேரச் சொன்னாய்ங்க. என் பேரச் சொல்லல.

ஒரு முறை போச்சு, ரெண்டு முறை போச்சு. மூணாவது முறைக்கு நான் நூறு ரூவா எடுத்துக்கிட்டு நாட்டாமை வீட்டுக்குப் போனேன். நான் தூக்க வரல, அபராதத்தப் பிடிங்கன்னேன். அவரு கையப் பின்னால கட்டிக்கிட்டாரு. எங்கிட்ட ஏன் குடுக்குற, ஒன் தங்கச்சிகிட்டப் போயிக் கேளுன்னாரு.

போனேன். வாசல்ல போர்வைய அலசிப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தா. ஆளே பாதியாப் போயிட்டா தம்பி. அவனத் திருப்பிப் போட்டு, தொடச்சு, தூக்கி, கை ரெண்டும் ஆம்பளக் கை மாதிரி ஆகிப்போச்சு. அவன ஊருக்குக் கொண்டாந்தப்பறம் அன்னிக்குத்தான் அவ முன்னால போயி நின்னேன். காச நீட்டுனேன். 'இதையாச்சும் வாங்கச் சொல்லு தாயி'ன்னேன்.

போர்வைய உதறிக் கொடியில போட்டுட்டு, என்னப் பாத்துச் சொன்னா.

'வருவான்னு நெனச்சவன் வராமப் போனாத்தாண்ணே அபராதம். ஒன்ன யாரும் எதிர்பாக்கல.'

அண்ணேன்னுதான் சொன்னா. கொரலு ஒசரல. பிழிஞ்ச தண்ணிய எடுத்துச் செடிக்கு ஊத்திட்டு உள்ள போயிட்டா. அடுத்த வாரம் நான் இங்க எறங்கி வந்துட்டேன். பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு, அவ தட்டுக் கழுவுற சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல.

என்ன தம்பி, அளக்கக் கொண்டாந்த டேப்ப மடிச்சு உள்ள வச்சுட்டீங்க? வெலை வேணா கொறச்சுக்கலாம். நீங்களே ஒரு வெலை சொல்லுங்க. இதக் கழட்டிட்டா என் வண்டி எதுல நிக்கும்னு பாக்குறீங்களா? கல்லுலதான் நிக்கும், நிக்கட்டும். அதுல ஏற ஆளும் இல்ல. நான் கேக்குறது ஒண்ணுதான், இதுல நான் செஞ்ச தப்பு என்ன? வழி விட்டது தப்பா? அந்த இன்ஸ்பெக்டரு காலைலயே... சரி, விடுங்க. நீங்களும் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க.

நாளைக்கு அவனக் கீழ கொண்டாற நாளு. நான் நடந்து அந்த முக்கு வரைக்கும் போவேன். மாசாமாசம் போறேன். ஒரு துண்ட நாலா மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் நிப்பேன். அந்த எடத்துலதான் தோளு மாத்துவாய்ங்க. அவசரத்துல எவனாச்சும் ஆளு தெரியாம என்னக் கூப்புட்டுற மாட்டானான்னு இருக்கும். கூப்புட மாட்டாய்ங்க, எனக்குத் தெரியும். பஞ்சவர்ணம் குடையப் பிடிச்சுக்கிட்டு என்னத் தாண்டிப் போவா. டோலி கிட்ட வந்ததும் நான் ஓரமா ஒதுங்கி வழி விடுவேன். அது ஒண்ணுதான் தம்பி எனக்குன்னு விட்டு வச்சிருக்காய்ங்க.